தட்டச்சை விட்டு முழுக்கப் பேச்சுக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வலது_மணிக்கட்டு எழுதியது:

ஐந்து மாதமாக மணிக்கட்டில் வலி. ஆறு வாரத்துக்கு முடிந்தவரை தட்டச்சு செய்யாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குப் பிழைப்பே எழுத்துதான், மொழிபெயர்ப்பு வேலை, நாளைக்கு இரண்டாயிரம் சொல்லாவது நகர வேண்டும். சரி, இப்போதுதான் நாம் பேசினாலே கணினி எழுதிக்கொள்கிறதே, இதில் என்ன இருக்கிறது என்று போன வாரம் ஆரம்பித்தேன்.

முதல் நாள் அசந்துபோனேன். நிதானமாகப் பேசிய ஒரு பத்தி ஒரு பிழைகூட இல்லாமல் வந்து விழுந்தது. இரண்டாம் நாளே மயக்கம் தெளிந்துவிட்டது. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்ததை யோசிக்கக் கொஞ்சம் நிறுத்தினால் மைக் தானாக அணைந்துவிடுகிறது. நான் அது தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு மூன்று வாக்கியம் பேசியிருப்பேன், திரையில் ஒன்றும் இருக்காது. 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் புள்ளி வைக்கும், நல்லதுதான். ஆனால் நேற்று 'அந்தச் சர்ச்சைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்' என்று சொன்னேன். 'அந்தச் சர்ச்சைக்கு' என்பதோடு ஒரு புள்ளி, பக்கத்தில் 'வைத்தார்' தனியாக நிற்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திருத்துவதுதான் கொடுமை. 'பள்ளி' என்றேன், 'பல்லி' என்று வந்தது. 'பல்லியை அழி' என்றேன். 'பல்லி பல்லியை அழி' என்று எழுதிக் கொடுத்தது. அப்புறம் வலிக்கிற கையாலேயே அழித்தேன்.

கேள்வி இதுதான்: இது என் பழக்கக் குறைவா, இல்லை பேச்சில் வேலை செய்வது என்றாலே இவ்வளவுதானா? நாள் முழுக்க இப்படி வேலை செய்கிறவர்கள் உண்மையில் இருக்கிறீர்களா? விளம்பரத்தில் வருகிற மாதிரி சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

---

பழைய_மைக்காரன்:

பேச்சறிதல் மென்பொருள் வேலையில் நிறைய வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழக்கக் குறைவு இல்லை. இந்தத் துறை எழுபது வருடமாக ஒரே கேள்வியைத்தான் முட்டிக்கொண்டிருந்தது: சொன்ன சொல் என்ன? 1952இல் பெல் ஆய்வகத்தில் செய்த ஆட்ரி என்ற இயந்திரத்துக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை இலக்கங்கள் மட்டும் தெரியும், அதுவும் அதற்குப் பழகிய குரலில், இடைவெளி விட்டுச் சொன்னால். 1962இல் ஐபிஎம் காட்டிய ஷூபாக்ஸுக்கு 16 சொல். 1976இல் கார்னகி மெலனில் செய்த ஹார்ப்பிக்கு 1,011. 1990இல் டிராகன் என்ற மென்பொருள் கடைக்கு வந்தபோதுகூட ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்திப் பேச வேண்டும், சரளமாகப் பேசலாம் என்ற நிலை 1997இல்தான் வந்தது. இன்றைக்கு அமைதியான அறையில், மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பேசினால், அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் முதல் நாள் பத்தி அதுதான். இரண்டாம் நாள் நீங்கள் மாட்டிக்கொண்டதெல்லாம் வேறு கேள்விகள், அவற்றில் யாரும் இவ்வளவு காசையும் மூளையையும் கொட்டவில்லை.

முதலில் மைக் அணைவது. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, 2009இல் பத்து மொழிகளை வைத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. நாம் மௌனத்துக்காகக் காத்திருப்பதில்லை, குரல் இறங்குவதையும் வினைமுற்று வருவதையும் வைத்து 'முடிக்கப்போகிறார்' என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறோம். பெரும்பாலான மென்பொருள் இன்னும் மௌனத்தை அளந்துகொண்டிருக்கிறது. ஒரு நொடி சத்தம் இல்லையா, ஆள் முடித்துவிட்டார், அவ்வளவுதான். பாட்டு போடு, அலாரம் வை என்று சொல்கிறவருக்கு இது போதும். யோசித்து யோசித்து எழுதுகிறவருக்கு, மூச்சு விட்டால் பேனாவைப் பிடுங்குகிற ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்த மாதிரி.

இரண்டாவது உங்கள் பல்லி. விசைப்பலகையில் அழிக்கும் விசை ஒரு எழுத்து இல்லை, அது தனி விசை, அதனால் குழப்பமே வராது. பேச்சில் எழுத வேண்டியதும் கட்டளையும் ஒரே வாயிலிருந்து, ஒரே குரலில், ஒரே மொழியில் வருகின்றன. 'அழி' என்பது சொல்லா, உத்தரவா? உங்கள் முற்றுப்புள்ளிக்கும் இதே நோய்தான். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிற மனிதர் உங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார், இதற்கு முகம் தெரியாது.

சரி, இப்போது என்ன செய்யலாம். நேரடியாகத் திரையில் எழுத வைப்பதை விடுங்கள். ஒலிப்பதிவு செயலியில் ஒரு பகுதியை முழுக்கப் பேசிப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் அந்தக் கோப்பை எழுத்தாக்குங்கள். எவ்வளவு நேரம் யோசித்தாலும் யாரும் மைக்கைப் பிடுங்க மாட்டார்கள். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற எழுத்தாக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, சொந்தக் கணினியிலேயே ஓடும். ஒரே எச்சரிக்கை, நீண்ட மௌனம் இருக்கிற இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை அதுவாக எழுதிவிடும். 2024இல் வந்த ஒரு ஆய்வில் சுமார் நூறு ஒலித்துண்டுக்கு ஒன்றில் இப்படிக் கற்பனை வந்திருந்தது. மொழிபெயர்ப்பில் இது ஆபத்து. மௌனங்களை வெட்டிவிட்டுக் கொடுங்கள், மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடாமல் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. தப்பு வந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் அழுத்தி 'பள்ளி, பள்ளி' என்று சொல்லாதீர்கள். ளகரமா லகரமா என்பதை அது காதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்தும்தான். ஒற்றைச் சொல்லுக்கு அக்கம்பக்கம் கிடையாது. 'குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள்' என்று முழு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லுங்கள். செவிடருக்குச் சொல்வது போல இழுத்துச் சொன்னால் இன்னும் மோசமாகும், அப்படிப் பேசுகிற யாரையும் அது கேட்டு வளரவில்லை.

---

நள்ளிரவு_நிரலர்:

இருக்கிறேன், ஒன்றரை வருடமாக நாள் முழுக்கக் குரலில்தான் நிரல் எழுதுகிறேன், எனக்கு இரண்டு கையும் போச்சு.

மேலே சொன்ன 'சொல்லா உத்தரவா' குழப்பத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கம், அதாவது குரல் நிரலர்கள் பக்கம், ஒரு வழி உண்டு: கட்டளைக்கென்று தனி மொழியே வைத்துக்கொள்வது. டேலன் என்ற மென்பொருள் பயன்படுத்துகிறேன். ஆங்கில எழுத்துகளுக்கு ஏ, பி, சி, டி என்று சொல்ல மாட்டோம், பி-யும் டி-யும் ஒன்று போலவே கேட்கும். ஏர், பேட், கேப், ட்ரம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத சின்னச் சொற்கள். பக்கத்தில் நின்று கேட்டால் பேய் ஓட்டுகிற மாதிரி இருக்கும். மனப்பாடம் ஆக இரண்டு வாரம், கை போல வர மூன்று மாதம் ஆனது. ஆப்பிள் கருவிகளில் 2019 முதல் இருக்கிற வாய்ஸ் கன்ட்ரோலில் திரையில் இருக்கும் பொத்தான்களுக்கெல்லாம் எண் போட்டுக் காட்டச் சொல்லலாம், எண்ணைச் சொன்னால் அமுக்கும், சுட்டி தேவையில்லை.

யாரும் சொல்லாத ஒன்று: தொண்டை. மணிக்கட்டைக் காப்பாற்றப் போய் இரண்டாவது மாதம் குரல் கட்டிக்கொண்டது. கட்டளை சொல்லும்போது நம்மை அறியாமல் ஒரே சுருதியில், தொண்டையை இறுக்கிப் பேசுகிறோம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், மெதுவாகப் பேசினாலே போதும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

---

இரண்டாம்_விரல்:

பேச்சு தட்டச்சைவிட மூன்று மடங்கு வேகம் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்களே, அப்புறம் ஏன் எல்லோரும் இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறோம்?

---

பழைய_மைக்காரன்:

அது 2016இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனை. கணக்கு சரிதான், ஆனால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கைபேசித் திரையில் தட்டுவதோடு ஒப்பிட்டார்கள், முழு விசைப்பலகையோடு இல்லை. கொடுத்த வாக்கியத்தைத்தான் உள்ளிட வேண்டும், சொந்தமாக யோசிக்க வேண்டியதில்லை. எழுத்து வேலையில் பாதி நேரம் விரல் சும்மாதானே இருக்கிறது, அந்த நேரத்தைப் பேச்சால் குறைக்க முடியாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. உள்ளே போக வாய் வேகம், வெளியே வரக் கண் வேகம். பத்து தேடல் முடிவைக் கண் ஒரு நொடியில் மேயும், அதையே வாசித்துக் காட்டச் சொன்னால் மூன்றாவது முடிவுக்குள் முதலாவது மறந்துவிடும். என்னைக் கேட்டால் பேசி உள்ளே போடுவது, பார்த்து வெளியே எடுப்பது, இதுதான் சரியான கலவை. திரையே இல்லாத பேசும் பெட்டி அலாரத்துக்கும் பாட்டுக்கும் மேல் பெரிதாக வளராததற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

---

தென்றல்_77:

நீங்கள் எல்லோரும் தெளிவாகப் பேசத் தெரிந்தவர்கள், அதனால் உங்கள் பிரச்சினை புள்ளியும் பல்லியும்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கை வராது, பேச்சு குழறும், எங்களுக்குப் பழகிவிட்டது, முக்கால்வாசி புரியும். கை வராத ஒருவருக்குக் குரலால் இயங்கும் கைபேசி வரப்பிரசாதம் என்றுதானே நினைப்போம்? என் பெயரைச் சொல்லி அழைக்கச் சொல்வார். அது வேறு யாரையோ காட்டும். மறுபடி சொல்வார், கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது முறைக்குள் அவர் முகம் மாறிவிடும், கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். ஒரு சேவை நிறுவனத்தின் தானியங்கிக் குரலிடம் அவர் 'ஆமாம்' என்ற ஒரே சொல்லை ஆறு முறை சொன்னதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 'மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை' என்று அது மிக மரியாதையாக ஆறு முறை சொன்னது. பொத்தானை அமுக்கும் வழியையே எடுத்துவிட்டார்கள்.

யாருக்கு இது மிக அவசியமோ அவர்களைத்தான் இது மிகக் குறைவாகப் புரிந்துகொள்கிறது. நோய் இல்லாதவர்களுக்கும் இதுதான் கதை. 2020இல் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 தப்பு, கறுப்பினத்தவர் பேச்சில் 35. யாருடைய குரலைக் கேட்டுப் பழகியதோ அவர்களின் குரல்தான் அதற்குத் 'தெளிவு'.

முயற்சி இல்லாமல் இல்லை. குழறிய பேச்சுகளைச் சேகரிக்க 2019இல் கூகுள் யூஃபோனியா திட்டத்தை அறிவித்தது, 2022இல் இல்லினாய் பல்கலைக்கழகம் பெரிய நிறுவனங்களோடு சேர்ந்து ஒன்று ஆரம்பித்தது. அப்பா பேசுகிற தமிழுக்கு அது எப்போது வந்து சேரும் என்றுதான் கேட்கிறேன்.

---

வலது_மணிக்கட்டு:

தென்றல், படித்ததும் மனம் கனத்துவிட்டது. அப்பாவின் கைபேசியில் முகப்பிலேயே உங்கள் படத்தைப் பெரிய பொத்தானாக வைக்க முடியும், இடது கைக்கு எட்டும்படி. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மற்றவர்களுக்கு: நான்கு நாளாகப் பதிவு செய்து எழுத்தாக்கும் முறைக்கு மாறிவிட்டேன். நேற்று 1,400 சொல் போனது, திருத்தத்துக்கு மட்டும்தான் கை. பெரிய முன்னேற்றம். ஆனால் இரண்டு சந்தேகம். எழுத்துத் தமிழை நாள் முழுக்க உரக்கச் சொல்வது செய்தி வாசிப்பது போல இருக்கிறது. கவனம் தப்பினால் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' போய் 'வந்துட்டு இருக்காங்க' வந்துவிடுகிறது, அது ஒருமுறை அப்படியே எழுதுகிறது, ஒருமுறை பாதி திருத்தி 'வந்து விட்டு இருக்காங்க' என்கிறது. இரண்டாவது, ஒப்பந்தப்படி ரகசியமாக வைக்க வேண்டிய ஆவணங்கள் இருக்கின்றன. இந்தப் பேச்செல்லாம் எங்கே போகிறது?

---

பழைய_மைக்காரன்:

முதலாவதற்கு முழுத் தீர்வு இல்லை. பேச்சறிதலுக்குத் திரட்டிய குரல்களில் நிறைய, எழுதியதை வாசித்துப் பதிவு செய்தவை. மொசில்லா 2017இல் தொடங்கிய காமன் வாய்ஸ் என்ற குரல் திரட்டில் தமிழ்க் குரல்கள் இருக்கின்றன, அதிலும் திரையில் வருகிற வாக்கியத்தை வாசிப்பதுதான் முக்கிய வேலை. நாம் வாசிக்கிற தமிழும் பேசுகிற தமிழும் வேறு என்பதுதான் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒருவர் பேச்சு வழக்கிலேயே வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, எழுதும்போது நடையை மாற்றிக்கொள்கிறார். உங்களுக்குக் கை வேலை கூடும், வேண்டாம்.

இரண்டாவது முக்கியம். இணையம் வழியாக எழுத்தாக்கும் சேவை என்றால் ஒலி அவர்கள் சர்வருக்குப் போகிறது. தரம் பார்க்க என்று மனிதர்களும் அந்தப் பதிவுகளைக் கேட்டார்கள் என்பது 2019இல் அடுத்தடுத்து வெளியானது, ஆப்பிள் அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. குழந்தைகளின் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருந்த புகாரில் 2023இல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ரகசிய ஆவணத்தை இணையச் சேவையில் பேசவே பேசாதீர்கள். சொந்தக் கணினியில் விஸ்பரை ஓட்டி, ஓட்டும்போது இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள். அப்போதும் வேலை செய்தால் ஒலி எங்கும் போகவில்லை. பதிவுக் கோப்பு கைபேசியிலிருந்து தானாக மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஏறிக்கொள்கிறதா என்றும் பாருங்கள், பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

---

நள்ளிரவு_நிரலர்:

அப்படியே வங்கிக்கும் மற்றதற்கும் குரலைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மூன்று நொடிக் குரல் கிடைத்தால் அதே குரலில் பேசவைக்கும் ஆய்வை மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம், குரலை என்ன செய்வீர்கள்?

---

இரண்டாம்_விரல்:

எல்லாம் சரி, பல்லி இருந்த கட்டுரை என்ன ஆனது?

---

வலது_மணிக்கட்டு:

போய்விட்டது. ஒன்பது இடத்தில் திருத்தினேன், பத்தாவது இடம் கண்ணில் படவில்லை. 'தொடக்கப் பல்லி ஆசிரியர்' என்று இருந்ததாம், ஆசிரியர் குழுவில் வட்டமிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.