எங்க வீட்ல இப்படித்தான், டீச்சர்!

சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஒன்றில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு பண்டிகைக்குக் காகிதம் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்போம். ஜூலை 21, இன நல்லிணக்க நாளன்று மலாய் பாஜு கூரோங், சீனச் சோங்சாம், பாவாடை சட்டை என்று உடுத்தி வருவார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் 1964இல் அதே தேதியில் வெடித்த இனக் கலவரத்தை மறக்காமல் இருப்பதற்காக வந்த நாள் அது. உடையோடு நின்றுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

அதனால் "சீனர்கள் இப்படிச் செய்வார்கள், மலாய்க்காரர்கள் அப்படிச் செய்வார்கள்" என்று நான் ஆரம்பிப்பதில்லை. "உங்க வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பேச விட்டுவிடுவேன்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்படிக் கேட்டபோது, ஒரு தமிழ்ப் பையன் பாட்டி எண்ணெய் தேய்த்துவிடுவதை நடித்தே காட்டினான். நரகாசுரன் கதையும் சொன்னான். உடனே வட இந்தியக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, "இல்ல, அன்னிக்குத்தான் ராமர் வீட்டுக்குத் திரும்பி வந்தார்" என்றாள். எது சரி என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் சீக்கியப் பையன், தங்கள் வீட்டில் விளக்கேற்றுவது குருவுக்காக என்றான். மாலையில் அவனை அழைத்துப்போக வந்த அப்பா மீதியைச் சொன்னார். குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது தன்னோடு 52 அரசர்களையும் விடுவித்தார் என்பது அவர்கள் மரபு. பந்தி சோர் திவஸ் என்று கொண்டாடுகிறார்கள். மறுநாள் மூன்று கதைகளையும் படமாக வரைந்து பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினோம்.

அதே வகுப்பில் ஒரு தமிழ் முஸ்லிம் சிறுமி, "எங்க வீட்ல தீபாவளி இல்லை" என்றாள். தமிழ் பேசினாலே தீபாவளி உண்டு என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். அவள் விடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு வரும், பெருநாளுக்கு நாங்க பிரியாணி கொடுப்போம் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒரு மலாய்ப் பையனுடையது. 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 10ஆம் தேதி வந்தது. அவனுக்கும் அன்றுதான் பிறந்தநாள். 2025இல் மார்ச் 31க்கே வந்துவிட்டது. "ஏன் டீச்சர் என் பிறந்தநாளுக்கு வரல?" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டான். பெருநாள் நிலவுக் கணக்கில் வருவதைக் காட்ட, ஒரு நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் இரண்டு காகித நாடாக்கள் வெட்டினோம். நாட்காட்டிக்கு 365, நிலா பன்னிரண்டு முறை வளர்ந்து தேய்வதற்கு 354. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறையும் அந்தத் துண்டு கண்ணுக்கே தெரிகிறது. அப்புறம் ஒரு மாதம் பெற்றோரோடு சேர்ந்து தினமும் நிலாவை வரைந்து வரச் சொன்னேன். மேகம் மறைத்த நாளில் மேகத்தை வரைந்து வந்தார்கள். சீனப் புத்தாண்டும் நிலவுக் கணக்குதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதால் அது ஜனவரி, பிப்ரவரியைத் தாண்டாது. இதைக் கேட்டுப் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் வியந்தார்கள்.

உணவில் மட்டும் கவனம் வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு எல்லாரும் சேர்ந்து உயரத் தூக்கிக் கலக்கிச் சாப்பிடும் யூஷெங் என்ற கலவையில் பச்சை மீன் இருக்கும். சைவப் பிள்ளைகளும் ஹலால் பார்ப்பவர்களும் வகுப்பில் உண்டு. வண்ணக் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தட்டில் போட்டு, சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிக் கலக்கி வாழ்த்துச் சொல்ல வைத்தேன். ஒரு பிள்ளைகூட ஒதுங்கி நிற்கவில்லை.

எல்லாம் சுலபமாக முடிந்துவிடுவதில்லை. ஒரு அம்மா, "நாங்க எந்தப் பண்டிகையும் கொண்டாடுறதில்ல டீச்சர், பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்" என்றார். அவர் விருப்பம், மதித்தேன். அந்தப் பிள்ளைக்குத் தனியாக வேறு வேலை கொடுப்பதா, உட்கார்ந்து கேட்க மட்டும் விடலாமா என்று அவரிடமே கேட்டேன். கேட்கலாம் என்றார். இதே நிலைமையைச் சந்தித்தவர்கள் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்களேன்.