அறிவிப்பிலோ குறுஞ்செய்தியிலோ ஒரு வரியை மாற்றினால் ஆள் மாறுவாரா? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்

களப்பணி:
ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். புறநோயாளிகள் பிரிவு வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்தார்கள். 'பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் மறுசோதனைக்கு வருவதில்லை. நீங்களும் அப்படி இருக்காதீர்கள்.' நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். பெஞ்சில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. எழுத்துக்கூட்டி வாசித்து முடித்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியா, பாதிப்பேர் வர்றதே இல்லையாம். நான் மட்டும் என்னமோ தப்புப் பண்ற மாதிரி திட்டுற." அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அமெரிக்காவில் கல்மரக் காட்டுப் பூங்காவில் உளவியலாளர் சியால்டினியின் குழுவினர் பார்த்ததும் இதுதானே? 'கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பலர் எடுத்துப் போகிறார்கள்' என்ற அறிவிப்பு திருட்டைக் கூட்டியது. பிரிட்டனில் ஆன்டிபயாடிக் அதிகம் எழுதும் மருத்துவர்களுக்குப் போன கடிதம் இதைத் திருப்பிப் போட்டது: 'உங்கள் பகுதியில் 80 சதவீத கிளினிக்குகள் உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன.' மருந்துச் சீட்டுகள் 3.3 சதவீதம் குறைந்தன. எல்லாரும் படித்த பாடம். அப்படியும் பலகை எழுதும்போது கை முதலில் அந்தப் 'பாதிப்பேர்' பக்கம்தான் போகிறது.

மேசைக்கு இந்தப்பக்கம்:
களப்பணி சொல்வதை மறுக்கிறேன். அந்தப் பெரியவர் பலகையைப் பார்த்தா வராமல் போவார்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும், வந்தால் அரை நாள் வரிசை. அதைச் சரிசெய்யாமல் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

நான் உதவித்தொகை அலுவலகத்தில் இருந்தேன். விண்ணப்பிக்காதவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போனது: 'உங்கள் உதவித்தொகை உங்களுக்காக ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது.' எங்கிருந்து வந்த வாசகம் என்று உங்களுக்குத் தெரியும். 2021-இல் வெளிவந்த ஃப்ளூ தடுப்பூசி ஆய்வில், 'உங்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறோம்' என்ற செய்திதான் மற்ற வாசகங்களை முந்தியது. தடுப்பூசிக்கு அது பொருந்தும், போனால் ஊசி போட்டுவிடுவார்கள். இங்கே போனால் படிவம்தான் கிடைக்கும்.

ஒரு பெண் வந்தார். போனைத் திறந்து அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றைக்கூட அழிக்கவில்லை. "எல்லாம் பத்திரமா வெச்சிருக்கேங்க. பணம் எந்தத் தேதிக்கு வரும்?" கெடு முடிந்திருந்தது. நினைவூட்டலை அவர் ஒப்புதல் என்றே படித்திருக்கிறார். விண்ணப்பமே பதிவாகவில்லை என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. போனை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி, "இதுல ஒதுக்கிட்டோம்னு போட்டிருக்கே" என்றார்.

பல பக்கப் படிவத்தைச் சுருக்க ஆளில்லை, செய்தியை மெருகேற்ற மட்டும் குழு இருக்கிறது. ஆய்வாளர்கள் டெல்லாவிக்னாவும் லினோஸும் 2022-இல் போட்ட கணக்கைப் பாருங்கள். ஆய்விதழ்களில் வந்த நட்ஜ் ஆய்வுகளில் (கட்டாயப்படுத்தாமல், வாசகத்தையோ அமைப்பையோ சற்று மாற்றி ஆளைத் தூண்டுவதுதான் நட்ஜ்) சராசரி முன்னேற்றம் 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் குழுக்கள் செய்த எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் 1.4.

நாள்குறிப்பு:
என்னுடையது சின்ன அனுபவம். ஒரு செவிலியர், தடுப்பூசிச் சீட்டை நீட்டி "எப்ப வருவீங்க, நீங்களே எழுதுங்க" என்றார். அந்தத் தாய் தேதி போடவில்லை. 'பெரியவளைப் பள்ளியில் விட்டுட்டு நேரா' என்று எழுதினார். வந்தார். அவ்வளவுதான்.

ஆனால் செய்தி அனுப்புகிற எல்லாருக்கும் சில விஷயம் சொல்லவேண்டும். முதலில், 'மறக்காதீர்கள்' என்று எழுதாதீர்கள், எந்த நாள், எத்தனை மணி என்று அவர்களையே எழுத வையுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்க்மேன் குழுவின் 2011 ஆய்வில் தேதியும் நேரமும் எழுதக் கேட்டவர்களில் ஃப்ளூ ஊசி போட்டவர்கள் 4.2 சதவீதப் புள்ளி அதிகம். தேதி மட்டும் கேட்டபோது அந்த அளவு பலனில்லை. அப்புறம், வராமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதை எண்ணில் சொல்லுங்கள். லண்டனில், வராத ஒவ்வொரு சந்திப்புக்கும் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு செலவாகிறது என்று குறுஞ்செய்தியில் சேர்த்தபோது, வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 ஆனார்கள். ரத்துசெய்யும் எண்ணையும் அதே செய்தியில் போடுங்கள். வராதவரைத் திட்டவே திட்டாதீர்கள், அடுத்த முறையும் வரமாட்டார். முடிந்த இடத்தில் எல்லாம் டிஃபால்ட்டை, அதாவது ஒன்றும் சொல்லாதவருக்குத் தானாகப் பொருந்தும் விதியை, மாற்றுங்கள். உறுப்பு தானத்தில் அதைச் செய்தாலே முக்கால் வேலை முடிந்தது.

இரவுப்பணி:
கடைசி வரி உண்மையில்லை, நாள்குறிப்பு. ஆய்வாளர்கள் ஜான்சனும் கோல்ட்ஸ்டீனும் 2003-இல் காட்டிய ஒப்பீட்டுப் படத்தை வைத்துச் சொல்கிறீர்கள்: சம்மதம் பதிந்தால்தான் சேர்க்கும் ஜெர்மனியில் 12 சதவீதம், மறுக்காவிட்டால் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்திரியாவில் கிட்டத்தட்ட 100. அது சம்மதப் பட்டியல். நடந்த தானங்களின் எண்ணிக்கை வேறு.

மூளைச்சாவு இரண்டாம் முறை உறுதியான பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். நான் வேலை பார்த்த நாட்டின் சட்டப்படி, மறுப்புப் பதியாதவர் சம்மதித்தவர்தான். உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் அதைச் சொன்னார். இறந்தவரின் அண்ணன் கேட்டார்: "வேண்டாம்னு சொல்லலைங்கிறீங்க. வேணும்னு சொன்னானா?"

யாரிடமும் பதில் இல்லை. ஒருங்கிணைப்பாளர் கோப்பை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பியைப் பத்திச் சொல்லுங்க" என்றார். வெகுநேரம் பேசினார்கள். என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்கள் வீட்டு விஷயம், எழுதமாட்டேன். ஸ்பெயினில் இந்தச் சட்டம் 1979-லேயே வந்துவிட்டது. ஆனால் 1989-இல் உறுப்பு மாற்றுக்கான தேசிய அமைப்பு தொடங்கி, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை நிறுத்திய பிறகுதான் தானங்கள் ஏறின. அங்கே இன்றும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை.

கூட்டல்கழித்தல்:
எனக்கென்று கதை இல்லை. மேசைக்கு இந்தப்பக்கம் 1.4 என்று தட்டிவிட்டதுதான் உறுத்துகிறது. லட்சம் பேருக்குப் போகிற கடிதத்தில் அது 1,400 பேர். ஒரு வரியை மாற்ற ஆகும் செலவு என்ன? படிவத்தையும் சுருக்குங்கள், வரியையும் மாற்றுங்கள். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யக்கூடாது என்று யார் சொன்னது?

மேசைக்கு இந்தப்பக்கம்:
யாரும் சொல்லவில்லை, சரி. ஆனால் வரியை மாற்றியதும் கூட்டம் முடிந்துவிடுகிறது, படிவத்தின் முறை வருவதே இல்லை. படிவத்தை உண்மையிலேயே சுருக்கிய இடத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எந்தக் கேள்வியை முதலில் எடுத்தீர்கள், யார் ஒத்துக்கொள்ளவில்லை என்பதோடு.