‘எஞ்சின் ஸ்வாப்’புக்குத் தமிழ்ச் சொல்: வேற்றெஞ்சின் ஏற்றம், இரும்புடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘எஞ்சின் ஸ்வாப்’ என்பதற்கு என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ‘எஞ்சின் மாற்று’, ‘எஞ்சின் இடமாற்றம்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பழுதான எஞ்சினை எடுத்துவிட்டு அதே வகை எஞ்சினைப் போடுவதும் எஞ்சின் மாற்றுதான். அதற்கு அந்தச் சொல்லே போதும், அதை அங்கேயே விட்டுவிடலாம். நாம் பேசுவது வேறு வேலை. அந்த வண்டிக்கென்று செய்யப்படாத எஞ்சினை அதில் பொருத்துவது பற்றிப் பேசுகிறோம். மாஸ்டா ஆர்.எக்ஸ்.7 காரின் ரோட்டரி எஞ்சினை இறக்கிவிட்டு, செவர்லே சில்வராடோ பிக்கப்பின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை ஏற்றுகிறார்கள். இங்கே மாறுவது எஞ்சின் மட்டும் இல்லை. மவுண்ட் (எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கி), கியர்பாக்ஸ், வயரிங், ரேடியேட்டர், எரிபொருள் பம்ப் என்று எல்லாம் கூடவே மாறும்.

பட்டறையில் எஞ்சினை ‘இறக்குவது’, ‘ஏற்றுவது’ என்றுதான் சொல்கிறார்கள். புழக்கத்தில் இருக்கும் வினையை விட்டுவிட்டு வேறு எங்கே தேடப் போகிறோம்? ஆகவே என் பரிந்துரை ‘வேற்றெஞ்சின் ஏற்றம்’. பேச்சில் ‘எஞ்சின் ஏற்றம்’ என்று சுருங்கினாலும் பொருள் கெடாது. ‘ஏற்றம்’ என்றால் விலை உயர்வும் நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். ‘மின்னேற்றம்’ குழப்பமில்லாமல் நிலைத்துவிட்டது, இதுவும் நிலைக்கும். எஞ்சினைத் தரும் வண்டியைக் ‘கொடை வண்டி’ என்றும் வாங்கிக்கொள்ளும் வண்டியை ‘ஏற்பு வண்டி’ என்றும் சொல்லலாம்.

இனி ‘அயர்ன் பிளாக்’, அதாவது சிலிண்டர்கள் அடங்கிய எஞ்சினின் முதன்மைப் பாகமான பிளாக் இரும்பில் வார்க்கப்பட்டிருப்பது. ‘இரும்பு எஞ்சின்’ என்று எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது என்பதற்கு எஞ்சினுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். என்ற வி8 எஞ்சின் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். 1997 செவர்லே கார்வெட் காரில் வந்த 5.7 லிட்டர் எல்.எஸ்.1 எஞ்சினின் பிளாக் அலுமினியம். ஆனால் அதன் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் உரசும் உறைகள் வார்ப்பிரும்பு. 1999 முதல் பிக்கப்களில் வந்த 5.3 லிட்டர் எல்.எம்.7 இதற்கு நேர்மாறு. பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் அலுமினியம். ‘இரும்பு எஞ்சின்’ என்றால் இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம்? 6 லிட்டர் எல்.கியூ.4 எஞ்சின்களில் 1999, 2000 ஆண்டுகளில் வந்தவற்றுக்கு ஹெட்டும் இரும்பு. அதையும் மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல நமக்கு வழி வேண்டும்.

ஹெட்டைத் ‘தலை’ என்றால் பிளாக் ‘உடல்’ ஆகிவிடுகிறது. இரும்புடல், அலுமினிய உடல், இரும்புத்தலை, அலுமினியத் தலை: நான்கு சொற்களில் எல்லாச் சேர்க்கைகளும் அடங்கும். “எல்.எம்.7 இரும்புடலும் அலுமினியத் தலையும் கொண்டது” என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. காரின் பாடியையும் உடல் என்போமே என்று ஓர் எதிர்ப்பு வரும். லாரிக்குக் ‘கூண்டு கட்டுவது’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். பாடிக்குக் ‘கூண்டு’ இருக்கட்டும், உடலை எஞ்சினுக்கு விட்டுவிடுவோம்.

இவ்வளவு பிரித்துச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டும். எந்த எஞ்சினை ஏற்றுவது என்ற முடிவே இதில்தான் தொங்குகிறது. இரும்புடல் எஞ்சின் அதே குடும்பத்து அலுமினிய உடல் எஞ்சினைவிட ஏறத்தாழ 35 முதல் 45 கிலோ கூடுதல் எடை. அதில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேல் உட்காரும். வளைவுகளில் சட்டென்று திரும்புவதற்காகவே செய்த சிறிய காரில் அது தெரியாமல் போகாது, முன் ஸ்பிரிங்குகளையாவது மாற்ற வேண்டியிருக்கும். இருந்தும் பலர் இரும்புடலைத் தேடிப் போகிறார்கள். பிக்கப்கள் லட்சக்கணக்கில் விற்றதால் பழைய எஞ்சின் சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்து அழுத்தம் கூட்டும்போது இரும்புடல் நன்றாகத் தாங்கும். 5.3 லிட்டரின் துளை, அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 96 மில்லிமீட்டர். அதைக் கடைந்து எல்.எஸ்.1 அளவான 99 வரை கொண்டுபோவதும் வழக்கம். அலுமினிய உடலுக்குள் இருக்கும் மெல்லிய இரும்பு உறையை அவ்வளவு கடைய முடியாது. பந்தயத் தடத்தில் வளைவுகளை ரசிக்க நினைப்பவர் அலுமினிய உடலுக்குச் செலவழிக்கலாம். டர்போவும் நேர்ப்பாதை வேகமும் வேண்டும், கையில் பணம் அளவோடுதான் இருக்கிறது என்பவருக்கு இரும்புடல்தான் சரி என்பது என் கருத்து.

துளை, வீச்சு (சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் தூரம்) என்ற இரண்டு சொற்களும் ஏற்கெனவே இருப்பவைதான். அவற்றை விடாமல் பயன்படுத்துவோம். அதே குடும்பத்து 4.8 லிட்டருக்கும் 5.3 லிட்டருக்கும் துளை ஒன்றே. வீச்சுதான் 83, 92 மில்லிமீட்டர் என்று வேறுபடுகிறது. 6 லிட்டரில் வீச்சு அதே 92, துளை 101.6. இப்படி எழுதினாலே மூன்றும் எப்படி உறவு என்று புரிந்துவிடும்.

அப்புறம், உடலின் வெளியளவுகள் ஒரே மாதிரி இருப்பதால், எல்.எஸ்.1 எஞ்சினுக்காகச் செய்த மவுண்ட்கள் எல்.எம்.7 எஞ்சினுக்கும் பொருந்தும். சிக்கல் சுற்றி இருக்கும் பாகங்களில்தான். பிக்கப்பின் ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆழமானது, தாழ்ந்த காரில் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும் அல்லது தரையை நோக்கித் தொங்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு உயரமானது, பானட் மூடாமல் போகலாம். முன்பக்க பெல்ட் அமைப்பும் கார் எஞ்சினைவிட வெளியே நீண்டிருக்கும். எனவே இந்த மூன்றையும் கார் வகைக்கு மாற்றுவது ஏற்ற வேலையில் ஒரு பகுதி. இவற்றுக்கும் சொல் தேவைதான். ஆனால் சம்ப், மேனிஃபோல்டு இரண்டையும் இப்போதைக்கு அப்படியே விடலாம் என்பேன். எல்லாவற்றையும் ஒரே மடலில் தமிழாக்கினால் வாசிப்பவர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. 2007க்குப் பிந்தைய 5.3 லிட்டர் எஞ்சின்கள் பலவற்றில், சுமை குறைவாக இருக்கும்போது எட்டில் நான்கு சிலிண்டர்கள் வேலையை நிறுத்திக்கொள்ளும் அமைப்பு உண்டு. அதற்கான லிஃப்டர்கள் (வால்வுகளை இயக்கும் சிறு பாகங்கள்) கெட்டுப்போவது பரவலாகத் தெரிந்த குறை. ஏற்றத்துக்கு எஞ்சின் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று அது. இதற்குச் ‘சிலிண்டர் ஓய்வு’ என்று முன்வைக்கிறேன். ‘உருளை ஓய்வு’ என்றும் சொல்லலாம். ஆனால் பட்டறையில் உருளை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதில் உங்கள் கருத்து என்ன? ‘கொடை வண்டி’யைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். கொடை என்பதில் இலவசம் என்ற சாயல் இருக்கிறது, இங்கே எஞ்சினைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.