இடி மழையில் கரண்டு போகும் ஊர்: சர்வருக்கு டெபியனா, ஃப்ரீபிஎஸ்டியா?

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்)

வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையில் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடக்கிறது. ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய கணினிகள் சில கிடைத்தன, அதில் ஒன்றை சர்வராக்கி எஸ்பிஎம் (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) பழைய வினாத்தாள்கள், ஆசிரியர்கள் பதிவு செய்து கொடுத்த பாட வீடியோக்கள், பிள்ளைகள் தட்டச்சு செய்த கட்டுரைகள் எல்லாவற்றையும் சாம்பா என்கிற கோப்புப் பகிர்வு மென்பொருள் மூலம் பகிர்ந்து வைத்திருக்கிறேன். இங்கே இணையம் மெதுவு, அதனால் உள்ளூரிலேயே வைத்தால்தான் வேலை ஓடும்.

பிரச்சினை இதுதான். மாலையில் இடி மழை பிடித்தால் கரண்டு போகிறது. திரும்ப வந்தாலும் சர்வர் எழுவதில்லை. சில நாள் கருப்புத் திரையில், எஃப்எஸ்சிகேவை (டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளை) கையால் ஓட்டு என்று, சிஸ்டம் முழுதாக எழும் முன் வரும் இனிட்ராம்எஃப்எஸ் பிராம்ப்டில் நிற்கிறது. சில நாள் அதற்கும் முன்னாலேயே, பயாஸில் (கணினியை முதலில் எழுப்பும் உள் மென்பொருள்) எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறது. நான் ஈப்போவில் வேலை முடிந்து வர இருட்டிவிடும், அதுவரை டீச்சர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சர்வரில் இருப்பது டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு, மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி டிஸ்க். அதே அளவில் இன்னொரு டிஸ்க் சும்மா கிடக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி என்கிற வேறு இயங்குதளமும் இசட்எஃப்எஸ் என்கிற கோப்பு அமைப்பும் போட்டால் கரண்டு போனாலும் பயமில்லை என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மாறலாமா?

மழைநகர் (தைப்பிங்)

தம்பி, எந்த சிஸ்டம் என்பதை அப்புறம் பார்ப்போம். நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. எஃப்1 கேட்பது பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரி பேட்டரி செத்துப்போனதால்தான். சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், சில வெள்ளி (ரிங்கிட்) தான். அது செத்திருந்தால் கரண்டு போகும்போதெல்லாம் கடிகாரமும் பயாஸ் அமைப்பும் அழிந்துவிடும், தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும், பாதுகாப்பான இணையத் தளங்கள் எதுவும் திறக்காது. இதை டெபியனும் சரி செய்யாது, ஃப்ரீபிஎஸ்டியும் சரி செய்யாது. பேட்டரி மாற்றிய கையோடு பயாஸில் கரண்டு திரும்பினால் தானாக எழும் அமைப்பைத் தேடி ஆன் பண்ணுங்கள். மற்ற அமைப்புகளோடு அதுவும் அழிந்து போயிருக்கும்.

அடுத்து யுபிஎஸ், அதாவது கரண்டு போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி. அரை மணி நேரம் தாங்க வேண்டியதில்லை, சர்வர் ஒழுங்காக அணைய சில நிமிடம் கிடைத்தால் போதும். யுஎஸ்பி வயர் வழியாகப் பேசுகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நட் என்கிற மென்பொருளைப் போட்டால் பேட்டரி இறங்கும்போது அதுவே சர்வரை அணைத்துவிடும், இது இரண்டு சிஸ்டத்திலும் உண்டு. ரவுட்டரையும் சுவிட்சையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இடி மின்சார வயரில் மட்டும் வருவதில்லை, நெட்வொர்க் வயர் வழியாகவும் ஏறும். ஏப்ரல், அக்டோபர் பக்கம் மாலைதோறும் இடிக்கிற நாடு இது. மண்டபத்துக்கும் அறைக்கும் இடையே வெளியில் வயர் இழுத்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

பெர்க்லி (கிள்ளான்)

மழைநகர் சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி. அதற்குப் பிறகு நண்பர் சொன்னதும் சரிதான், ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு மாறுங்கள்.

எக்ஸ்ட்4 ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களின் குறிப்பு) வைத்திருக்கிறது. ஆனால் அது வழக்கமாகக் காப்பது கோப்பு அமைப்பின் கணக்கைத்தான், கோப்புக்குள் இருக்கும் தரவு கெட்டால் அதற்குத் தெரியாது. இசட்எஃப்எஸ் பழைய இடத்தின் மேல் எழுதுவதே இல்லை. புதியதை வேறு இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் சுட்டியை மாற்றும். நடுவில் கரண்டு போனால் கடைசிச் சில நொடி வேலை போகும், டிஸ்க்கில் இருப்பது முந்தைய முழு நிலை. அதனால் எஃப்எஸ்சிகே என்கிற வேலையே அங்கே கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இருப்பதால், உங்களிடம் சும்மா கிடக்கிற டிஸ்க்கைச் சேர்த்து மிர்ரர் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு) போட்டால் ஒன்றில் கெட்டதை மற்றதிலிருந்து அதுவே எடுத்துச் சரி செய்துகொள்ளும்.

டெபியனிலும் இசட்எஃப்எஸ் போடலாம். ஆனால் உரிமச் சிக்கலால் அது லினக்ஸ் கெர்னலோடு (சிஸ்டத்தின் மையப் பகுதி) வராது, கெர்னல் மாறும்போதெல்லாம் இசட்எஃப்எஸ் மாட்யூலைத் திரும்பக் கட்ட வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் 2008இல் வந்த 7.0 முதலே கூடவே இருக்கிறது, இன்ஸ்டாலரிலேயே மிர்ரரைத் தேர்ந்தெடுக்கலாம்.

எனக்கு இசட்எஃப்எஸ்ஸில் மிகவும் பிடித்தது ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது. ஒரு பிள்ளை தெரியாமல் ஒரு ஃபோல்டர் முழுவதையும் அழித்துவிட்டால், மறைந்திருக்கும் .இசட்எஃப்எஸ் ஃபோல்டருக்குள் போனால் நேற்று இருந்தபடியே கிடக்கும், காப்பி பண்ணி எடுத்துக்கொள்ளலாம். தினமும் ராத்திரி ஒன்று எடுக்க கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் வசதி) ஒரு வரி போதும்.

கவனிக்க வேண்டியது: வைஃபையை நம்பாதீர்கள், வயரில் ஓட்டுங்கள். இன்டெல் நெட்வொர்க் கார்டு இருந்தால் நிம்மதி.

கணியரசி (கோல கெட்டில்)

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். இந்த சர்வரை நீங்கள் மட்டும்தான் தொடுவீர்களா? நீங்கள் கல்யாணமாகிக் கோலாலம்பூர் பக்கம் போய்விட்டால் யார் எழுப்புவார்கள்? எங்கள் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளில் லினக்ஸ் கொஞ்சம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஃப்ரீபிஎஸ்டி தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த டீச்சர் ஃபோனில் கேட்டு ஒரு பட்டனை அழுத்தி எழுப்பக்கூடிய சர்வர்தான் இந்த இடத்துக்கு நல்ல சர்வர்.

டெபியனிலேயே இருக்க வேண்டுமென்றால், க்ரப் (கெர்னலை ஏற்றும் மென்பொருள்) அமைப்புக் கோப்பில் கெர்னல் வரியோடு எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ் (fsck.repair=yes) என்று சேர்த்து, அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். பிராம்ப்டில் நிற்காமல் தானே சரிசெய்து எழும். ஒன்று மட்டும், எதையும் கேட்காமல் ஆமாம் போடுவதால் சில கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டருக்குள் போய்ப் பெயர் இல்லாமல் விழலாம். வினாத்தாளுக்கு வேறு பிரதி இருந்தால் அதில் நஷ்டமில்லை. பிள்ளைகள் எழுதிய கட்டுரைக்கு இருக்கிறதா?

அப்புறம், அடிக்கடி எஃப்எஸ்சிகே கேட்கிறது என்றால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கலாம். ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கட்டளை) போட்டு, மாற்றப்பட்ட செக்டர், காத்திருக்கும் செக்டர் இரண்டு எண்ணையும் பாருங்கள். அவை ஏறிக்கொண்டே போனால் இந்த விவாதமே வேண்டாம், டிஸ்க்கை மாற்றுங்கள்.

பெர்க்லி (கிள்ளான்)

கணியரசி, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் தெரியாத ஆள் வந்து படித்துப் புரிந்துகொள்ள ஃப்ரீபிஎஸ்டி எளிது என்பது என் எண்ணம். எது ஓட வேண்டும், ஐபி என்ன, எல்லாம் ஆர்சி.கான்ஃப் என்கிற ஒரே கோப்பில் சில வரிகளில் இருக்கும். நாமாகப் போட்டது முழுக்க யுஎஸ்ஆர்-லோக்கல் (/usr/local) ஃபோல்டருக்குக் கீழே தனியாக இருக்கும், அடிப்படை சிஸ்டத்தோடு கலக்காது. ஹேண்ட்புக் என்கிற கையேடு ஒரே இடத்தில் முழுமையாக இருக்கிறது. ஆர்சி.கான்ஃபை அச்சடித்து சர்வர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடலாம்.

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. பேட்டரி மாற்றிவிட்டேன், எஃப்1 தொல்லை போய்விட்டது. ஸ்மார்ட்சிடிஎல் பார்த்தேன், இரண்டு டிஸ்க்கிலும் அந்த எண்கள் பூஜ்யம். யுபிஎஸ்ஸுக்குக் கோயில் தலைவரிடம் பேசியிருக்கிறேன்.

கணியரசி அக்கா கேட்ட கேள்விதான் மனதில் நிற்கிறது. கட்டுரைகளுக்கு வேறு பிரதி இல்லை. அதனால் சர்வரை மட்டும் ஃப்ரீபிஎஸ்டிக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் உட்காரும் கணினிகளில் தமிழ்99 விசைப்பலகை எல்லாம் பழகிவிட்டது, அவை டெபியனிலேயே இருக்கட்டும். படிவம் ஐந்தில் படிக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு இதில் ஆர்வம் இருக்கிறது, கூட உட்கார வைத்துத்தான் செய்யப்போகிறேன். இருக்கிற தரவை எப்படி மாற்றுவது? 8 ஜிபி போதுமா?

பெர்க்லி (கிள்ளான்)

தாராளமாகப் போதும். இசட்எஃப்எஸ் தன் கேஷுக்கு (ஏஆர்சி என்பார்கள்) நிறைய மெமரி எடுத்துக்கொள்ளும், உறுத்தினால் அதற்கு 3 ஜிபி என்று உச்சவரம்பு வைத்துவிடலாம். சும்மா கிடக்கும் டிஸ்க்கில் மட்டும் ஃப்ரீபிஎஸ்டியைப் போடுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி டெபியன் கணினி ஒன்றில் மாட்டி, ஆர்சிங்க் என்கிற பிரதி எடுக்கும் கருவி மூலம் நெட்வொர்க்கில் தள்ளுங்கள். எல்லாக் கோப்பும் வந்துவிட்டதா என்று அந்தப் பிள்ளையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அவசரப்படாதீர்கள். அதற்குப் பிறகு பழைய டிஸ்க்கை அழித்து, சர்வரில் மாட்டி, இசட்பூல் அட்டாச் கட்டளை கொடுத்தால் மிர்ரர் ஆகிவிடும். பூட் பகுதியை இரண்டாவது டிஸ்க்கிலும் எழுத வேண்டும், இல்லையென்றால் முதல் டிஸ்க் செத்த அன்றைக்கு மிர்ரர் இருந்தும் எழாது. பீரியாடிக்.கான்ஃபில் ஸ்க்ரப்பை (டிஸ்க்கில் உள்ள தரவின் சரிபார்ப்பு) யெஸ் (YES) என்று வைத்தால் 35 நாளுக்கு ஒருமுறை அதுவே முழுக்கச் சரிபார்க்கும்.

மழைநகர் (தைப்பிங்)

மிர்ரரை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள் தம்பி. ஓர் இடி இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தே எரித்துவிடும். வெளி டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, டீச்சர் வீட்டில் வையுங்கள்.