கடற்கரை வாடகை வீடு: இன்னும் மனத்தை உறுத்தும் ஓர் அனுபவம்

நீலவாசல்

கடற்கரையில் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியவர்கள் எழுதும் இந்த இணையத் திரியில், படம் பார்த்து முன்பணம் கட்டிச் சாவி வாங்கிய முன்கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். நாங்கள் எடுத்த வீட்டின் படங்களில் பின்வாசல் படிகளுக்கும் அலைக்கும் இடையே அகன்ற மணல்வெளி இருந்தது. பிள்ளைகள் விளையாட அது ஒன்றே போதும் என்றுதான் அந்த வீட்டை முடிவு செய்தோம். போய் இறங்கிய மாலையிலும் மணல் படத்தில் கண்டபடியே கிடந்தது.

நள்ளிரவு தாண்டி ஏதோ முட்டும் சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தேன். டார்ச் வெளிச்சத்தில் மணல் என்று ஒன்றே இல்லை. ஐந்து படிகளில் கீழே இருந்த மூன்றும் தண்ணீருக்குள் இருந்தன. நான்காம் படியின் விளிம்பை நுரை நனைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மாலையில் கீழ்ப்படியில் கழற்றிப் போட்ட செருப்புகள் ஒவ்வோர் அலைக்கும் சுவரில் வந்து முட்டின, அலை வாங்கும்போது சற்றுத் தள்ளிப் போயின, மறுபடி வந்து முட்டின. அந்தச் சுவருக்கு உட்புறம்தான் பிள்ளைகள் தரையில் படுக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு உரிமையாளரை அழைத்தேன். தூக்கக் கலக்கத்திலும் அவர் பதறவில்லை. “பௌர்ணமி அல்லவா, அப்படித்தான் வரும், விடிவதற்குள் இறங்கிவிடும்” என்றார். அவர் சொன்னபடியே இறங்கியும் விட்டது. ஆனால், சிறு பிள்ளைகளோடு வருகிறோம், பின்புறம் பாதுகாப்பானதா என்று நான் எழுதியே கேட்டிருந்தேன். “மிகவும் பாதுகாப்பானது” என்று அவரும் எழுதியே பதில் தந்திருந்தார். நடக்கப்போவதை முன்பே அறிந்த ஒருவர் அதைச் சொல்லாமல் விட்டதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மூத்த மருமகள்

எங்களுக்கு வந்த சோதனை தண்ணீரால் அன்று, உப்புக்காற்றால் வந்தது. கடலோர வீடுகளில் இரும்பு என்ன பாடுபடும் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. என் மாமனார் எண்பதைக் கடந்தவர். காலையில் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். குளித்து முடித்தபின் தாழ்ப்பாள் அசையவில்லை.

முதலில் அவர் சத்தமே போடவில்லை. மருமகளைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, தாமே சமாளித்துவிடலாம் என்று நெடுநேரம் முயன்றிருக்கிறார். நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனபோது கதவுக்கு அடியில், தரைக்கும் பலகைக்கும் இடையே இருந்த சந்தில், அவருடைய நான்கு விரல்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. துருப் படிந்து செம்பழுப்பாகி, ஒரு நகத்தின் ஓரத்தில் இரத்தம் கசிந்திருந்தது. நின்றுகொண்டே இருக்க முடியாமல் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டிருக்கிறார். அந்த விரல்களை நான் பிடித்துக்கொண்டதும் அவர் கேட்டது, “அம்மா, பிள்ளைகள் சாப்பிட்டாயிற்றா?” என்பதுதான்.

கதவு உட்புறமாகத் திறப்பது. ஆகவே கீல்களை வெளியிலிருந்து தொட வழியில்லை. காற்றுச் சாளரத்தின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, அதன் வழியே என் கணவர் திருப்புளியை நீட்டினார். திருகாணிகளின் தலையெல்லாம் துருவேறி மழுங்கிப் போயிருந்ததால் அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில், ஈரத்தில் நிலைச்சட்டம் உளுத்துப்போயிருந்ததால், நெம்பிய நெம்பலில் தாழ்ப்பாளோடு மரமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அந்தச் சேதத்துக்கென்று எங்கள் வைப்புத்தொகையில் பிடித்தம் செய்தார்கள். பணம் போனால் போகட்டும். முதியவரை ஒரு மணி நேரம் ஈரத் தரையில் உட்கார வைத்த தாழ்ப்பாளுக்காக ஒருவர் வருத்தம் தெரிவிக்காமல், அதன் விலையைக் கணக்கிட்டு அனுப்பியதுதான் தாளவில்லை.

கரைமேல் நிற்பவன்

நீலவாசல் அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தவறாக எண்ண வேண்டாம். உரிமையாளர் சொல்லியிருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் கடல் ஏறி இறங்குவது யாரும் மறைத்து வைக்கிற செய்தி அன்று. பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும், அதாவது கடல்நீர் ஏறி உச்சத்தைத் தொடும் வேளைக்கும், அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் இன்று ஏறிய நேரத்தைவிட நாளை சுமார் 50 நிமிடம் தாமதமாக ஏறும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். காற்று கரையை நோக்கி வலுவாக அடித்தால், கணக்கிட்ட உயரத்தையும் தாண்டி வரும். எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்பதற்கு ஓத அட்டவணைகளே வெளியாகின்றன.

என் அனுபவம் சிறியது. தண்ணீர் வடிந்திருந்த நேரத்தில் என் அண்ணன் பிள்ளைகள் நடந்தே ஒரு பாறைக்குப் போய் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது பாறைக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. கடைக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது என் இடுப்புவரை தண்ணீர் நின்றது; போகும்போது அவன் கணுக்கால்கூட நனைந்திருக்கவில்லை.

ஆகவே வீடு பார்க்கிறவர்களுக்கு என் வேண்டுகோள். படத்தில் தெரியும் மணலை நம்பாதீர்கள். படம் எடுக்கிறவர்கள் தண்ணீர் இறங்கிய வேளையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதத்தின்போது எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் மணலில் காய்ந்த பாசியும் சிப்பியும் சருகும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத் தேடுங்கள். அண்மையில் கடல் எதுவரை வந்தது என்பதை அந்தக் கோடு காட்டிவிடும். அது படிக்கட்டை ஒட்டிக் கிடந்தால் கேள்வியே வேண்டாம். அப்படியே இன்னொன்று: இருபுறமும் அலை உடைந்து வெண்மையாகத் தெரிய, நடுவில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குப் பாயும் இழுப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகியபின் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். வீட்டின் முன்னாலேயே கடல் இருக்கிறது என்பதற்காக அங்கேயே குளித்தாக வேண்டும் என்பதில்லை; உயிர்காப்பாளர் நிற்கும் கடற்கரை சற்றுத் தொலைவில் இருந்தாலும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.

நீலவாசல்

கரைமேல் நிற்பவன் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. அதில் பலவற்றை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. இருந்தாலும் தங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஓதம் எப்போது வரும் என்பதை அட்டவணை சொல்லும். அது அந்த வீட்டின் எத்தனையாவது படிக்கு வரும் என்பதை அந்த வீட்டுக்காரர் மட்டுமே சொல்ல முடியும். நான் கேட்காமல் இருந்திருந்தால் தங்கள் வாதம் பொருந்தும். நான் கேட்டேன்.

தொலைதூர விருந்தினர்

நீலவாசலுக்கு உரிமையாளர் என்று ஒருவராவது இருந்தார். நாங்கள் வாசலில் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோதே இன்னொரு குடும்பமும் வந்து இறங்கியது. அதே வீடு, அதே தேதிகள். எங்கள் கார் பேனட் மீது இரண்டு குடும்பத்தின் உறுதிச்சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே படம். மாடி முகப்பில் உலர்ந்த நீலத் துண்டுகூட இரண்டிலும் ஒன்றுதான். உரிமையாளர் பெயர் மட்டும் வேறு வேறு. சத்தம் கேட்டு வெளியே வந்த காவலாளி இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த இரண்டு பெயரிலும் இங்கே யாரும் இல்லை, இந்த வீடு வாடகைக்கு விடப்படுவதும் இல்லை என்றார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு சிறுமி மணல்வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு, “அப்படியானால் நாம் எந்த வீட்டுக்குப் போவோம்?” என்று தன் தந்தையைக் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நானும் அதே நிலையில்தான் நின்றேன்.

இரண்டு குடும்பங்களிடமும் முன்பதிவுத் தளத்துக்கு வெளியே, நேராக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்; அப்படி அனுப்பினால் வாடகையில் தள்ளுபடி என்றும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பணத்தில் எதுவும் திரும்பவில்லை. வீட்டின் படத்தை இணையத்தின் படத்தேடலில் இட்டால் அதே படம் வேறு எங்கெங்கே வேறு பெயரில் இருக்கிறது என்பது தெரியக்கூடும். அதைவிட நல்ல வழி, வீடியோ அழைப்பில் தெருவாசலில் தொடங்கிக் கடலைக் காட்டும் ஜன்னல்வரை இடையில் நிறுத்தாமல் நடந்து காட்டச் சொல்வது.

மூன்று தலைமுறை

மூத்த மருமகளின் பதிவைப் படித்தபின் இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை. அவர்களுக்குத் தாழ்ப்பாள் திறக்கவில்லை. எங்களுக்குத் தாழ்ப்பாள் அடைபடவில்லை. அதனால்தான் என் மகள் இன்று இருக்கிறாள்.

காற்று மணலை வாரி இறைத்ததால் எல்லா ஜன்னல்களையும் சாத்தியிருந்தோம். குளியலறையின் உள்ளேயே எரிவாயு கீசர் பொருத்தியிருந்தது. எனக்குக் காலையிலிருந்தே தலைவலி. என் தங்கைக்குக் குமட்டல். வெயிலும் பயணமும் காரணம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டோம். மகள் குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் அந்தச் சத்தம் மாறவே இல்லை. ஒருவர் குளிக்கும்போது தண்ணீர் ஒரே சீராக விழாது. உடம்பில் பட்டு, கையில் தடைபட்டு, நின்று நின்று விழும். இது தரையில் நேராக விழும் சத்தம். கதவைத் தள்ளினேன், திறந்துகொண்டது. சுவரோரம் சரிந்து கிடந்தாள்; கண்கள் பாதி திறந்திருந்தன, என்னை அவை பார்க்கவில்லை. கீசரின் நீலச் சுடர் அவள் தலைக்குமேல் எரிந்துகொண்டே இருந்தது.

தூக்கிக்கொண்டு வெளியே மணலுக்கு ஓடினோம். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள்; பிழைத்துக்கொண்டாள். ஜன்னல்களைச் சாத்திய வீட்டுக்குள் கீசர் எரிந்ததில் தேங்கிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுதான் காரணம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்பு ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது. ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் குறைகிறது என்றால் வெயிலைக் காரணம் சொல்லாதீர்கள். உடனே எல்லாரையும் வெளியேற்றுங்கள். கார்பன் மோனாக்சைடைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் பேட்டரியில் இயங்குபவையாகவே கிடைக்கின்றன. பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒன்றை வைத்துக்கொள்ள முடியும்.

கிணற்றடி

பொறியாளன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லத் தோன்றுகிறது. கடலோர வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் முதல் நாள் நன்றாக இருந்து பிறகு உப்பாவதற்குக் காரணம் உண்டு. கரையோர மணலில் நன்னீர் எடை குறைவானது என்பதால் அடியில் உள்ள உப்புநீர்மேல் மிதந்தபடி இருக்கிறது. பொதுவான கணக்குப்படி, கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர்வரை நன்னீர் இருக்கும். அப்படியென்றால் மேலே சிறிது குறைந்தாலும் அடியிலிருந்து உப்புநீர் பல மடங்கு ஏறி வர இடம் உண்டு. வீடு நிறையச் சுற்றத்தார் வந்து மோட்டாரை ஓயாமல் ஓட்டினால், குழாயின் அடியில் உப்புநீர் மேலெழும்பிவிடும்.

என் அக்காவின் கைக்குழந்தை புட்டிப்பாலை ஒரு வாய் உறிஞ்சி முகத்தைச் சுளித்துத் துப்பியபிறகுதான் நாங்கள் தண்ணீரை ருசித்துப் பார்த்தோம். முந்திய நாள் அதே குழாயில் பிடித்துக் காய்ச்சிய நீர் நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. குழந்தையின் சிறுநீரகம் அவ்வளவு உப்பைத் தாங்காது. பச்சைக் குழந்தையோடு போகிறவர்கள் அதற்கான குடிநீரை முழுவதுமாகக் கையோடு கொண்டுபோவதே நல்லது.

மூத்த மருமகள்

மூன்று தலைமுறை அவர்களே, தங்கள் மகள் நலமாக இருப்பதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. தங்கள் பதிவைப் படித்துவிட்டு, நாங்கள் அடுத்துப் போவதாக இருந்த வீட்டின் உரிமையாளருக்கு எழுதி, குளியலறைக் கீசரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாளே அனுப்பினார். எரிவாயு கீசர்தான், உள்ளேயே இருக்கிறது, புகையை வெளியேற்றும் குழாயைக் காணவில்லை. குழாய் எங்கே என்று கேட்டதற்கு, இதுவரை வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை என்று பதில் வந்தது. முன்பதிவை நேற்று மாலையே ரத்து செய்துவிட்டோம். மாமனார் தம் பையிலிருந்து உடைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். மின்சாரக் கீசரும், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளும் உள்ள வீடு யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.