திருவொற்றியூரில் சோலார் போடலாமா? கணக்கு உதைக்கிறது

தேரடிவாசி:

தேரடிப் பக்கம் ஒட்டுச்சுவர் வீடு. கீழே குடித்தனம், மேலே நாங்கள்; இரண்டு மீட்டர். முப்பது வருஷம் லேத்தில் நின்றவன், கணக்குப் பார்க்காமல் ஒரு போல்ட்டுகூட வாங்க மாட்டேன். இந்த சோலார் கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

எங்கள் மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடும், 1,300 ரூபாய் கட்டுவோம். போன ஏப்ரல், மேயில் 780 ஓடி, பில் 4,500ஐத் தாண்டிவிட்டது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏசி இரவு பகலாக ஓடியது. பேத்திக்காக என்றால் யார் வாயைத் திறப்பது?

பில்லைப் பார்த்த கையோடு ஒரு கம்பெனியைக் கூப்பிட்டேன். 2 கிலோவாட்டுக்கு 1,40,000 ரூபாய். "78,000 மானியம் வந்துவிடும் சார்" என்றார் வந்த தம்பி. போடலாமா? மிக்ஜாம் புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்தத் தொல்லையும் தீரும் என்கிறாள் வீட்டம்மா.

கொருக்குப்பேட்டை வயர்மேன்:

ஐயா, முதலில் மானியம். பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. 78,000 என்பது 3 கிலோவாட் போட்டால்தான். உங்களுக்கு 60,000. அதுவும் வேலை முடிந்து, மீட்டர் மாற்றி, எல்லாம் சரி பார்த்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆக, கையை விட்டுப் போவது 80,000.

கரண்ட் போனால், பேட்டரி இல்லாத சாதா சோலாரும் கூடவே நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவன் மேல் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறிப் பிழைக்கிறவன் நான், எனக்கு அதில் வருத்தமில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் யூனிட். நம்மூர் வெயிலுக்கு 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480. நீங்கள் ஓட்டுவதே 420, அதிலும் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். சும்மா கிடைப்பதை எதற்குக் காசு கொடுத்து மாடியில் தயாரிக்கிறீர்கள்? 1 கிலோவாட் போட்டாலே 420 என்பது 180 ஆகிவிடும், பில் 200 ரூபாய்க்குள் அடங்கும். இரண்டாவது கிலோவாட் அந்த 200 ரூபாயைத்தான் மிச்சம் பிடிக்கும்.

வழக்கமாக 500ஐத் தாண்டுகிற வீடு என்றால் கதையே வேறு. 500 ஓடினால் சுமார் 1,800 ரூபாய், 510 ஓடினால் 2,100. தாண்டியவுடன், ஆரம்ப யூனிட்டுகளுக்குக் கொடுக்கிற சலுகை விலையும் போய்விடும். மகள் வருவதற்கு முந்தைய கோடைகளில் எவ்வளவு ஓடியது? கார்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

காசிமேடு கவளை:

எங்கள் வீட்டில் பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்டாண்டுதான் போனது. பெயிண்ட் அடித்த இரும்புக் கம்பியில் நின்றதால், உப்புக்காற்றில் இரண்டாவது வருஷமே பொருக்கு உதிர்ந்தது. ஹாட் டிப் ஜிஐ, அதாவது உருக்கிய நாகத்தில் முக்கிய இரும்பு கேளுங்கள். போல்ட் 316 எஸ்எஸ், உப்புக்காற்றைத் தாங்கும் எவர்சில்வர் ரகம். லேத்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாண்டை ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். நாங்கள் குனிந்தே போய்வருகிறோம், கருவாடு காயப்போடக்கூட இடமில்லை.

எண்ணூர் அத்தை:

எல்லாரும் வெயிலைச் சொல்கிறீர்கள், சாம்பலை யாரும் சொல்லவில்லை. நிலக்கரியில் கரண்ட் எடுத்த சாம்பல், வெயிலில் கரண்ட் எடுக்கிற கண்ணாடிமேல் வந்து உட்காருகிறது. இரண்டு வாரம் விட்டால் விரலால் கோலம் போடலாம். விடியற்காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன்பே கழுவிவிடுவேன். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம் தம்பி, வெள்ளை வெள்ளையாகத் தடம் விழும். தெற்குப் பக்கம் வெட்டவெளியா? ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு கோர்த்த மற்றதும் சேர்ந்து மந்தமாகலாம்.

தேரடிவாசி:

கார்டைத் தேடி எடுத்தேன். முந்தைய கோடை 490, அதற்கும் முந்தையது 470. ஆக, எல்லாம் பேத்தி செய்த வேலை.

1 கிலோவாட்டுக்கு விலை கேட்டேன், 75,000 என்றார்கள். கம்பெனித் தம்பி குரலில் சுரத்தே இல்லை. மானியம் போக 45,000. வருஷத்துக்கு 7,000 மிச்சமானால் ஆறரை வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். இது எனக்குச் சரியாகப் படுகிறது. ஸ்டாண்டை நானே வெல்டிங் பட்டறையில் அடித்து, நாகம் முக்கி வாங்கிக்கொள்ளலாமா என்றும் யோசனை.

அத்தை கேட்ட பிறகுதான் மாடிக்குப் போய்த் தெற்கே பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தூண்களில் கம்பியை நீட்டி விட்டிருக்கிறார், அடுத்த மாடிக்கு. எப்போது எழுப்பப் போகிறார் என்று டீக்கடையில் நைசாகக் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ். அதற்குள் சித்திரைக்கு வருகிறேன் என்று மகள் போன் செய்திருக்கிறாள்.