புதுப்பிப்பு: சிஆர்எம் – மிடில்வேர் இணைப்பில் வெறுமையாக வந்த புலங்கள்

சிஆர்எம் (வாடிக்கையாளர் உறவு மேலாண்மை) மென்பொருளிலிருந்து வெளியேறும் வாடிக்கையாளர் பதிவுகள், மென்பொருள்களை இணைக்கும் இடைநிலை மென்பொருளான மிடில்வேருக்கு முழுமையாக வந்து சேர்ந்தும், எக்ஸ்எம்எல் (குறிகளிட்ட தரவு வடிவம்) செய்தியை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி உருமாற்றத்துக்குப் பிறகு பெயர், முகவரி உட்பட எல்லாப் புலங்களும் வெறுமையாக இருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். அதற்கான காரணம் இப்போது தெளிவாகிவிட்டது.

சிஆர்எம் தரப்பிலுள்ள மாற்றி, ஒவ்வொரு எக்ஸ்எம்எல் செய்தியின் வேர் உறுப்பிலும் முன்னொட்டு இல்லாத இயல்புநிலை நேம்ஸ்பேஸ் (உறுப்புப் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) ஒன்றை அறிவிக்கிறது. எக்ஸ்எம்எல்லில் உறுப்புகளைத் தேடும் பாதை மொழியான எக்ஸ்பாத் 1.0 விதிப்படி, முன்னொட்டின்றி எழுதப்படும் உறுப்புப் பெயர் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத உறுப்பை மட்டுமே குறிக்கும் என்பதால், நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ‘கஸ்டமர்’ என்ற பெயர், எக்ஸ்எஸ்எல்டி செயலிக்கு வேறு பெயராகிவிடுகிறது. பொருத்தம் கிடைக்காதபோது எக்ஸ்எஸ்எல்டி பிழை எதையும் எழுப்பாமல் வெற்று மதிப்பைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். லாக் கோப்புகளில் தடயமே இல்லாமல் போனது இதனால்தான்.

அதே நேம்ஸ்பேஸுக்கு ஸ்டைல்ஷீட்டில் (உருமாற்ற விதிகள் அடங்கிய கோப்பில்) ஒரு முன்னொட்டை அறிவித்து, பாதையிலுள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் அதைச் சேர்த்ததும் புலங்கள் நிரம்பின. உறுப்பின் தொடக்கக் குறிக்குள் எழுதப்படும் பண்புகளுக்கு இயல்புநிலை நேம்ஸ்பேஸ் பொருந்தாது. ஆகவே வாடிக்கையாளர் எண்ணைத் தாங்கும் ‘ஐடி’ பண்பை முன்னொட்டின்றியே விட வேண்டும். உறுப்பின் பெயரை மட்டும் தரும் லோக்கல்-நேம் செயற்கூறைப் பயன்படுத்தி நேம்ஸ்பேஸையே புறக்கணிக்கும் குறுக்குவழியை நான் ஏற்கவில்லை. இரு வேறு ஸ்கீமாக்களின் (தரவின் அமைப்பை வரையறுக்கும் விதித்தொகுப்புகளின்) உறுப்புகள் ஒரே பெயரில் ஒரே செய்திக்குள் வந்தால், அது தவறான தரவைச் சத்தமின்றிக் கடத்திவிடும்.

தேதிப் புலம் மட்டும் மீதமிருக்கிறது. சிஆர்எம் 05/03/2024 என்று மாதம்/நாள்/ஆண்டு வரிசையில் அனுப்புகிறது. ஸ்கீமாவின் தேதி வகையோ 2024-05-03 என்ற ஆண்டு-மாதம்-நாள் வடிவத்தை மட்டுமே ஏற்கும். அந்த மாற்றத்தையும் இதே ஸ்டைல்ஷீட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.